அடுத்த மழை வரைக்கும் ஒரு பெட்டி

நான் கண்டுபிடித்த பெட்டி எனக்குப் பிறகும் இந்த உலகத்தில் மதிப்போடு இருக்க வேண்டும் என்று நான் சபதம் எடுத்த அதே நாளில்தான், என் மனைவி கத்தரீனாள் அதற்குள் கருவாடு வைத்திருந்தாள். எனக்கு அது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சபதம் எடுக்கிறவர்கள் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துவிடுவது நல்லது.

என் பேர் ஆசீர்வாதம். கம்பம்மெட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், ஓர் ஏலத்தோட்டத்தில் ராத்திரி வேலை. பறித்த ஏலக்காயை ஸ்டோரில் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே ஓடும் புகைக்குழாயில் விடியவிடியச் சூடு ஏற்றுவார்கள். அந்தச் சூட்டுக்கு விறகு தள்ளுகிறவன் நான். காய் பச்சை மாறாமல் இறங்கினால் மேஸ்திரிக்குப் பேர். வெளுத்து இறங்கினால் எனக்குப் பேர். பறிப்பு ஓய்ந்த மாதங்களிலும் மூட்டைக்கு ஈரம் ஏறாமல் ஒரு தணல் வேண்டும். அதற்கும் நானே. மலைக்கு அந்தப் பக்கம் அணை கட்டி ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு வெளிச்சம் என்றால் அடுப்பு வாய்தான்.

ராத்திரி வேலைக்காரனின் குடும்ப வாழ்க்கை வாசற்படியில் நடக்கிறது. விடிந்து நான் உள்ளே நுழையும்போது கத்தரீனாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்புவாள்.

"கஞ்சி மூடி வச்சிருக்கேன்."

"சரி."

இதுதான் எங்கள் காதல் வசனம். பதினெட்டு வருஷமாக ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நெருப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டில் ஒன்று வரும். தூக்கம், அல்லது யோசனை. தூங்கினால் வேலை போய்விடும். அதனால் யோசித்தேன். மளிகைக்கடைப் பொட்டலம், மருந்துக்கடைப் பொட்டலம் என்று கையில் கிடைத்த தாளையெல்லாம் படித்தே நான் அறிவாளியானவன். பொட்டலம் கிழிந்த இடத்தில் என் அறிவும் கிழிந்திருக்கும். ஆனாலும் ஒரு நல்ல யோசனை வந்தது.

எங்கள் மலையில் இடவப்பாதிக்கு, அதாவது வைகாசி நடுவில், பிடித்த மழை விடாது. துணி காயாது. திங்கட்கிழமை துவைத்த சட்டை அடுத்த திங்கட்கிழமை பூஞ்சையோடு சிரிக்கும். காய் எடுக்கப் போகிற பெண்கள் தலையோடு போர்த்தும் கொங்காணிக்கு உள்ளேயும் நனைந்து வந்து, மறுநாள் அதே ஈரச்சேலையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மூட்டை மூட்டையாக ஏலக்காய் காய்கிறது, ஒரு சேலை காயாதா?

மேஸ்திரியிடம் கெஞ்சி, கழித்துப்போட்ட புகைக்குழாய்த் துண்டு ஒன்றை வாங்கினேன். மண்ணெண்ணெய்த் தகரங்களை விரித்துப் பெட்டி அடித்தேன். வீட்டு அடுப்புப் புகை பெட்டிக்குள் குழாய் வழியாக ஓடி, சுவரைத் தாண்டி வெளியே போகும். குழாய்க்கு மேலே கம்பி. கம்பியில் துணி. பெட்டியின் தலையில் ஒரு வாய். அந்த வாயை மூட உள்ளங்கை இரண்டு அகலத்தில் ஒரு தகடு. வாயை எவ்வளவு மூடுவது என்பதுதான் சூட்சுமம். முழுக்கத் திறந்தால் சூடு ஓடிவிடும். மனிதர்களுக்கும் அதேதான்.

அந்த மழைக்கு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நான் ராஜா. சாயங்காலம் பெண்கள் ஈரத்துணியோடு வருவார்கள், காலையில் உலர்ந்த துணியோடு போவார்கள். ராத்திரி நான் ஸ்டோரில் தீ போட்டேன். கத்தரீனாள் வீட்டில் பெட்டிக்குத் தீ போட்டாள். பாராட்டு முழுக்க எனக்கு வந்தது.

விஷயம் துரை காதுக்கும் போனது. வெள்ளைக்காரன் போய் வெகுகாலம் ஆகிறது, துரை என்கிற பேரை மட்டும் விட்டுவிட்டுப் போனான். இப்போதைய துரை கோட்டயத்துக்காரர். ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து, தன் ஈரக் காலுறையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பார்த்தார். ஒரு கட்டன்சாயா குடிக்கிற நேரத்தில் காய்ந்துவிட்டது.

"எடோ ஆசீர்வாதம், இது கொள்ளாமே!" என்று பாராட்டினார்.

இதுதான் சமயம் என்று கைகட்டி நின்றேன். "ஐயா, வாலிபம் பூரா ராத்திரியிலயே போயிருச்சு. ஒர்க்‌ஷாப்புல ஒரு பகல் வேலை குடுத்தீங்கன்னா..."

துரை காலுறையை மாட்டிக்கொண்டே யோசித்தார். "நல்லதம்பி செஞ்ச பன்னி விரட்டி ஓர்மை உண்டோ?"

எப்படி மறக்கும்? தண்ணீர் சொட்டி நிறைந்தால் மூங்கில் சாய்ந்து தகரத்தில் அடிக்கும். காட்டுப்பன்றி ஓடும். அதற்கு மாலையெல்லாம் போட்டார்கள்.

"முதல் மாசம் பன்னி ஓடிச்சு. ரெண்டாம் மாசம் பன்னி பழகிச்சு. மூணாம் மாசம் நல்லதம்பி அதுல கோழி அடைச்சான். அப்ப நான் அவனுக்கு ஒர்க்‌ஷாப்புல வேலை குடுத்திருந்தா என் முகம் எங்க போய் வைக்கும்?" துரை ஜீப்பில் ஏறினார். "அடுத்த மழை தொடங்கறப்ப நான் வரும். அப்பவும் இந்தப் பெட்டிக்கு லயத்துல மதிப்பு உண்டெங்கில், பகல் வேலை உனக்கு. இல்லெங்கில் விறகுதான். சரியோ?"

சரி என்றேன். பெரிய சிரமம் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். மழை நின்றது.

மழை நின்றால் வெயில் வரும் என்பதை யோசிக்காத கண்டுபிடிப்பாளன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தை மாதம் பளீரென்று அடித்தது. வேலியெல்லாம் சேலை. ஒருத்தியும் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. போன மாதம் வரைக்கும் "அண்ணே, அண்ணே" என்று குழைந்த பக்கத்து வீட்டு ஞானஜோதி, என்னைப் பார்த்தும் பாராமல் தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் சபதம். பெட்டியின் மேல் கையை வைத்துச் செய்தேன். கை லேசாகச் சுட்டது. என் உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

"கத்தரீனா, இனிமே இந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது."

"ஏங்க?"

"தங்கத்துக்கு ஏன் மதிப்பு, சொல்லு?"

"எங்கிட்ட இல்லாததால."

"அதேதான்! கைக்கு எட்டாததுக்குத்தான் மதிப்பு. மழை வர்ற வரைக்கும் இது யார் கைக்கும் எட்டக்கூடாது. அப்பப் பாரு, லயமே வரிசையில வந்து நிக்கும்."

"கைக்கு எட்டாமத்தான் நீங்களும் இருக்கீக. பதினெட்டு வருசமா. ஒங்களுக்காக யாரு வரிசையில நிக்கிறா?"

"ஏ புள்ள, இது விஞ்ஞானம். ஒனக்குப் புரியாது."

"பூட்டி வச்ச பண்டம் பூஞ்சை பூக்கும். அது புரியுது."

பெட்டியின் தலையிலிருந்து தகட்டை உருவி, கயிறு கட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தகடு இல்லேன்னா பெட்டி ஓடாதே?"

"அதுதானே சூட்சுமம். சூட்சுமம் கண்டுபிடிச்சவன் இடுப்பிலதான் இருக்கணும்."

"சரிங்க."

அந்த 'சரிங்க' என்ற சொல்லைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். கத்தரீனாள் எதிர்த்துப் பேசினால் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். சரிங்க என்றால் யோசித்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

கோடை வந்தது. தோட்டத்தில் வேலை குறைந்து, பெண்கள் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தார்கள். நான் பகலில் போர்வையை இழுத்து மூடித் தூங்கினேன். தூக்கத்தில் விசித்திரமான வாடைகள் வரத் தொடங்கின.

"ஏ புள்ள, மீன் வாடை அடிக்குது."

"கனவுல ஆத்துல எறங்கினீகளோ என்னவோ. பொரண்டு படுங்க, தண்ணி வடியட்டும்."

இன்னொரு நாள் அடுக்கடுக்காகத் தும்மல்.

"மொளகா நெடி! கண்ணெல்லாம் எரியுது!"

"ஞானஜோதி அவ மாமியாரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தா. காரம் சுவரைத் தாண்டி வந்துருச்சு."

மற்றொரு நாள் எழுந்து உட்கார்ந்தேவிட்டேன். சந்தேகமே இல்லை. பெட்டிப் பக்கமிருந்து சத்தம். கீச். கீச் கீச்.

"கத்தரீனா! பெட்டிக்குள்ள கோழிக்குஞ்சு!"

அவள் ஓடி வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "ராசா, ஒங்களுக்கு நல்லதம்பி அண்ணன் நெனப்பு. அவரு பன்னி விரட்டி கோழிக்கூடா ஆனதுல இருந்து ஒங்க காதுல கோழி கத்துது."

ராசா என்று அவள் என்னைக் கூப்பிட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தையில் கோழிக்குஞ்சு மறந்துபோனது. ராத்திரி வேலைக்காரர்களுக்குக் காதில் இல்லாத சத்தம் கேட்கும் என்று ஒரு பொட்டலத்தில் படித்தும் இருந்தேன். அதில் மருந்தின் பேர் இருந்த இடம் கிழிந்திருந்தது.

இடுப்பைத் தடவிப் பார்த்தேன். தகடு இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

வினை ஸ்டோர் வாசலில் வந்தது. ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். உள்ளே போகும்போது யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே வரும்போது வாட்சர் சட்டைப்பை, மடி எல்லாம் தடவிப் பார்த்துத்தான் விடுவான். ஒரு கை ஏலக்காய் என்றாலும் காசுதானே. எங்கள் வாட்சர் மொக்கையன் பழகினவன், என் சட்டைப்பையைத் தட்டிவிட்டு அனுப்பிவிடுவான். வைகாசி நடுவில் ஒரு காலை, அவன் முன்னால் நான் கையைத் தூக்கியதும் இடுப்புக் கயிறு அறுந்தது. தகடு வேட்டி வழியாக இறங்கி, சிமெண்டுத் தரையில் டங்கென்று விழுந்தது.

மொக்கையன் தகட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "என்னடா இது?"

"தகடு."

"ஸ்டோர் தகடா?"

"என் தகடு."

"ஒன் தகடு ஒன் வேட்டிக்குள்ள என்ன பண்ணுது?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமா வைக்க வீட்டுல இடமில்லையா?"

"வீட்டுலதான் என் பொண்டாட்டி இருக்காளே."

மொக்கையன் ஒரு கணம் இளகினான். அவனும் கல்யாணமானவன்தான். ஆனால் வாட்சர் உத்தியோகம் அவனுக்குள் மறுபடி நிமிர்ந்துகொண்டது. "வாசல்ல விழுந்த சாமானை துரை பார்த்துத்தான் குடுக்கணும். உக்காரு."

ஆபீஸ் திறக்கிற வரைக்கும் உட்கார்ந்தேன். கிளார்க்கு வந்தார், தகட்டை முகர்ந்து பார்த்தார், துரை மேஜையில் வைத்துப் பூட்டினார். துரை வர இரண்டு நாளாகும் என்றார். வானம் வேறு இருட்டிக்கொண்டிருந்தது. மழை எந்த நேரமும் இறங்கும். மழை இறங்கினால் துரை இறங்குவார். தகடு இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு என்ன காட்டுவேன்? மிச்ச ஆயுசுக்கும் விறகுதான். அழுகை முட்ட வீட்டைப் பார்த்து நடந்தேன்.

வழக்கமாக நான் குறட்டை விடும் நேரத்துக்குத்தான் வீட்டை எட்டினேன். தூரத்திலேயே சுவர்க் குழாயில் புகை தெரிந்தது. கதவு திறந்து கிடந்தது. வாசலில் முறம், பானை, சட்டி. உள்ளே பெண்கள். என் வேட்டி தொங்க வேண்டிய கம்பியில் சிவப்புச் சிவப்பாக உப்புக்கண்டம் தொங்கியது. பெட்டி அடிவயிற்றிலிருந்து உறுமி ஓடிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, அண்ணன்!" என்றாள் ஞானஜோதி. மற்றவர்கள் மறைந்த வேகத்தைப் பார்த்தால் காட்டுப்பன்றி தோற்றுப்போகும்.

"கத்தரீனா! தகடு எங்கிட்ட இருந்துச்சு. இது எப்படி ஓடுது?"

அவள் துணியால் பிடித்துப் பெட்டியின் தலையிலிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். பிஸ்கட் டின் மூடி. ஆணியால் குத்திக் குத்தி ஓட்டை போட்டிருந்தது.

"நீங்க தகட்டைக் கொண்டுபோன மறுநாளே இதைப் போட்டாச்சு. ஒங்க தகட்டுல சூடு நிக்கும், ஆவியும் நிக்கும். துணி வெந்து போகும். இதுல ஆவி போயிரும், சூடு நிக்கும்."

"ஏலக்காய் பச்சை மாறாம இருக்கணும்னா அப்படி இறுக்கித்தான் மூடணும்!"

"என் சேலை என்ன ஏலக்காயாங்க? அது பச்சை மாறி ஏழு வருசமாச்சு."

"வெயில் காலத்துல இதுல என்னத்தக் காயவைக்கிறீக?"

"வெளியில போட்டா கருவாட்டுல பாதி காக்காய்க்கு. மொளகைக் கொரங்கு இறைக்குது. இதுக்குள்ள போட்டா முழுசும் நமக்கு."

"கோழிக்குஞ்சு?"

"தாயைப் பருந்து தூக்கிருச்சு. மலைக்குளிர்ல வெறைச்சுச் சாகவா விடுறது?"

பெட்டியைக் கட்டிக்கொள்ளப் போனேன். சுட்டது. அதுவும் என் தகரம் மாதிரி இல்லை.

"இந்தத் தகரம்?"

"ஒங்களுது துருப்பிடிச்சுருச்சு. மாத்தியாச்சு."

"குழாய்?"

"ஓட்டை. மாத்தியாச்சு."

"நான் முறுக்கின கம்பி?"

"அது ஞானஜோதி பெட்டிக்குப் போயிருச்சு."

"ஞானஜோதி பெட்டியா?"

"அவளும் ஒண்ணு அடிச்சுக்கிட்டா. மேல் லயத்துலயும் இருக்கு. அவுக ரெண்டு தட்டு வச்சிருக்காக. நல்ல யோசனை."

"அப்ப நான் கண்டுபிடிச்சதுல மிச்சம் என்னதான் இருக்கு?"

"நீங்க இருக்கீகள்ல," என்றாள் கத்தரீனாள்.

நான் மூலையில் உட்கார்ந்தேன். அவள் உப்புக்கண்டத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினாள். கோபமாக இல்லை, அரிசி களைகிற மாதிரி நிதானமாக.

"நல்லதம்பி அண்ணன் அந்த விரட்டியை யாரையாவது தொட விட்டாரா? பன்னி புதுசு புதுசாக் கத்துக்கிருச்சு. விரட்டி கத்துக்கிறல. போச்சு. ஒங்க பெட்டியை ஒரு தடவை தொட்டவ எல்லாம் அதுக்கு ஒண்ணு கத்துக் குடுத்திருக்கா. இனி அது எங்க போகும்?"

"தொரை வந்தா எதை என் பெட்டின்னு காட்டுறது?"

"எல்லாத்தையும் காட்டுங்க."

மறுநாள் மழை இறங்கியது. அதற்கு மறுநாள் துரை இறங்கினார். கையில் என் தகடு. "எடோ, இது நின்றெதல்லே?" என்று நீட்டினார். வாங்கி நான் என்ன செய்வதென்று முழிக்கையில், "குடுங்கண்ணே, சட்டி சொரண்ட ஆகும்," என்று ஞானஜோதி வாங்கிக்கொண்டாள்.

துரை குடையைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாக நடந்தார். நான் பின்னால் நடந்தேன், தூக்கு மேடைக்குப் போகிறவன் மாதிரி. எங்கள் வீட்டில் ஒரு பெட்டி. ஞானஜோதி வீட்டில் குட்டையாக ஒன்று. மேல் லயத்தில் இரண்டு தட்டுக்காரப் பெட்டி. கடைசி வீட்டில் ஒரு கிழவர் பெட்டிக்கு மேலே வெந்நீர்ப் பானை வைத்துக் குளித்துக்கொண்டிருந்தார். எல்லா வீட்டிலும் காய்ந்த துணி வாடை. ஈர மலைக்கு அது சாம்பிராணி.

"இதுல எது நின்றெ பெட்டி?"

ஒவ்வொரு பெட்டியாகத் திரும்பிப் பார்த்தேன். ஞானஜோதிதான் சொன்னாள்: "எல்லாமே அண்ணன் பெட்டிதாங்கய்யா. நாங்க சும்மா அங்கங்க திருகி விட்டோம்."

துரை நின்று சிரித்தார். "நான் ஒரு பெட்டி பார்க்க வந்தேன். இங்க பெட்டிக்குப் பேரன் பேத்தி ஆயிருச்சு. நாளை முதல் ஒர்க்‌ஷாப். பகல்."

மழையில் நின்றதால் என் கண்ணில் வடிந்தது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. ஜீப்பில் ஏறும்போது துரை திரும்பினார். "பின்னே, நின்றெ பெண்டாட்டி போன மழையில இருந்து பங்களாவுக்கு வந்து வந்து கேட்டாளே. அவரை ராத்திரி வீட்டுக்கு விடணும், வீட்டுல ஆள் வேணும்னு. அவளுக்கும் சந்தோஷமாகும்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். கத்தரீனாளா? ராத்திரி நான் வீட்டில் வேண்டும் என்றா? வாசற்படியில் கஞ்சி மூடி வைத்த அந்த மனசுக்குள் இப்படி ஒரு ஏக்கமா? பதினெட்டு வருஷத் தனிமையும் ஒரே வாக்கியத்தில் இளகி ஓடியது.

மறுநாள் வாழ்க்கையில் முதல் தடவையாக வெளிச்சத்தில் வேலைக்குப் போனேன். போல்ட்டு, நட்டு, எல்லாம் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பார்த்தேன். சாயங்காலம் கடையில் அரை ராத்தல் மிக்சர் வாங்கி, தலையைப் படிய வாரிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் வரிசை. கையில் ஈரத்துணி மூட்டையோடு பெண்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பெட்டி வைத்திருக்கும் மேல் லயத்துக்காரிகளும் இருந்தார்கள்.

"இவுகளும் எதுக்கு இங்க?"

"பகல் பூரா மழையில காய் எடுத்துட்டு வந்து எவளால ராத்திரி முழிக்க முடியும்? ராத்திரித் துணி எல்லாத்தையும் நம்ம வீட்டுல வாங்கிக்கிறதாச் சொல்லிட்டேன். விடியக் காய்ஞ்சு இருக்கணும்," என்றாள் கத்தரீனாள். என் கையிலிருந்த மிக்சரை வாங்கி வரிசைக்குப் பகிர்ந்தாள்.

"யாரு முழிக்கிறது?"

"போன மழைக்குப் பூரா நான் முழிச்சேன். இனி முடியாதுங்க. தீப்பக்குவம் தெரிஞ்ச ஆளுன்னா இந்த மலையில நீங்க ஒருத்தருதான். அதான் தொரைகிட்டக் கேட்டு ஒங்களை வாங்கிட்டு வந்தேன்."

"அப்ப நான் எப்பத் தூங்குறது?"

"நெருப்புக்கு முன்னாடி உக்காந்தே பழகின ஒடம்பு. திடீர்னு படுத்தா சீக்கு வந்துரும்."

அடுப்புக்கு முன்னால் எனக்குப் பலகை போட்டிருந்தது. பக்கத்தில் நறுக்கி அடுக்கிய விறகு. பாய் ஒன்றே ஒன்றுதான் விரித்திருந்தது. அதில் கத்தரீனாள் காலை நீட்டிப் படுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் நிம்மதியாகப் படுத்து நான் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருந்தது.

நான் முதல் விறகைத் தள்ளினேன். கண்ணை மூடிக்கொண்டே அவள் சொன்னாள்:

"விடிஞ்சதும் என்னை எழுப்பிவிடுங்க. ஒங்களை நேரத்தோட ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பணும்."